ஆள், ஆட்கொள், ஆண்டவர்: ஒரு வினைச்சொல்லின் வரலாறு

திருச்சபையின் வழிபாட்டில் நாள்தோறும் வழங்கிவரும் சொற்களுள் 'ஆண்டவர்' என்பது தலையாய ஒன்று. செபத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், ஞானப்பாட்டிலும் அருளுரையிலும், துன்பத்தில் தனித்திருந்து முறையிடும் வேளையிலும் இச்சொல்லே நம் நாவில் முந்தி நிற்கிறது. ஆயினும் இது எந்த வினையினின்று பிறந்தது, அவ்வினை எத்தகைய வாழ்க்கைச் சூழலில் வழங்கியது, அதை முதலில் கேட்ட மக்களுக்கு அது என்ன பொருளைத் தந்திருக்கும் என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. அருட்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் கிரேக்க, எபிரேயச் சொற்களின் வேர்களை வருடக்கணக்கில் பயில்கின்றனர். தாய்மொழிச் சொற்களுக்கும் அத்தகைய பயிற்சி வேண்டும் என்பது நம் கருத்து.

'ஆண்டவர்' என்பதன் வேர் 'ஆள்' என்னும் சிறு வினையாகும். இதன் வரலாற்றை ஆராய்வோர் கருத்திற் கொள்ளவேண்டிய ஊர்களுள் முதன்மையானது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில். திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். 'ஆட்கொள்ளுதல்' என்னும் வினை தமிழ்ச் சமய மொழியில் ஆழ வேரூன்றியதற்கு, அவ்வூரில் நிகழ்ந்ததாகச் சைவ மரபு கூறும் நிகழ்ச்சி ஒரு பெருங்காரணம். ஆகவே இக்கட்டுரையில் முதலில் அவ்வினையின் வடிவையும் பொருளையும், அடுத்து ஆவணங்களில் அது பெற்ற இடத்தையும், பின்னர் திருப்பெருந்துறையையும், இறுதியாகத் தமிழ்த் திருமறையிலும் சபையிலும் அது வந்தடைந்த நிலையையும் முறையே காண்போம்.

1. பெயரும் வினையும்

'ஆள்' என்பது பெயராகவும் வினையாகவும் வரும் சொல். பெயராயின் மனிதன், வீரன், ஏவலன், அடிமை என்னும் பொருள்களைத் தரும். வினையாயின் அரசு செலுத்துதல், உடைமையாகக் கொள்ளுதல், பேணி நடத்துதல், கையாண்டு பயன்படுத்துதல் எனப் பொருள் விரியும். நாட்டை ஆள்பவன் அரசன். சொல்லை ஆள்பவன் புலவன். அதனாலேயே அரசனுடைய செயலை 'ஆட்சி' என்றும், புலவனுடைய செயலைச் 'சொல்லாட்சி' என்றும் கூறுகிறோம். திருக்குறளில் 62ஆம் அதிகாரத்தின் பெயராகிய 'ஆள்வினையுடைமை' என்பதில் இவ்வினை முயற்சியைக் குறிக்கிறது. அவ்வதிகாரத்தில் வரும் தாளாண்மை, வேளாண்மை என்னும் சொற்களின் ஈற்றிலும் ஆளும் தன்மை என்னும் கருத்தே அமைந்துள்ளது.

இறந்தகாலத்தில் இவ்வினை 'ஆண்ட' என வரும். கொள் என்பது 'கொண்ட' எனவும், உருள் என்பது 'உருண்ட' எனவும் ஆவதைப் போன்றதே இது. ஆண்டவர், ஆண்டவன், ஆண்டான், ஆண்டை ஆகிய யாவும் இவ்வடிவிலிருந்து தோன்றியவை. வருடத்தைக் குறிக்கும் 'ஆண்டு' என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது 'யாண்டு' என்னும் பழஞ்சொல் முதலெழுத்துத் திரிந்து வந்த வடிவம். ஓசை ஒற்றுமை ஒன்றையே கொண்டு இரண்டையும் இணைத்து அருளுரை கூறுவது பொருந்தாது.

'ஆட்கொள்' என்பதோ சற்று வேறானது. இதில் முன் நிற்பது வினை அன்று. 'ஆள்' என்னும் பெயர். ஆளாகக் கொள்ளுதல், அதாவது ஒருவனைத் தன் அடிமையாக ஏற்றுக்கொள்ளுதல் என்பதே இதன் நேர்ப்பொருள். 'ஆண்டான்' என்னும்போது உரிமையாளனுடைய செயல் முன்னிற்கிறது. 'ஆட்கொண்டான்' என்னும்போது, ஆளாக ஏற்கப்பட்டவனும் அச்சொல்லுக்குள்ளேயே இடம்பெற்று விடுகிறான். இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் பின்வரும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையாவது.

உடையவனும் உடைமையும் ஒரே வேரிற் பிறப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலும் கன்னடத்திலும் 'ஆள்' என்பது ஏவலனையும் குறிக்கும், அரசாளுதலையும் குறிக்கும். தெலுங்கில் ஆளுதல் 'ஏலு' என வழங்குகிறது. இத்தகைய உறவுகளை முறைப்படுத்திக் காட்டும் பணியை 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலால் முன்னெடுத்தவர் இடையன்குடியில் ஊழியம் புரிந்த கால்டுவெல் ஐயர் என்பதை நாம் அறிவோம்.

ஆங்கிலத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. உடைமையாகக் கொள்ளுதலைக் குறிக்கும் 'ஓன்' என்னும் வினையும், கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' என்னும் வினையும், கடமையைக் குறிக்கும் 'ஆட்' என்னும் துணைவினையும் பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேருக்கு 'உடையவனாயிரு' என்பதே முதற்பொருள். உடைமையைக் கூறிய சொல் காலப்போக்கில் கடனையும், கடனைக் கூறிய சொல் கடமையையும் குறிக்கலாயிற்று. தமிழில் 'கடனாளி' என்னும் சொல்லை ஆராய்ந்தால் இது எளிதில் விளங்கும். சொல்லமைப்பின்படி கடனாளி என்பவன் கடனை உடையவன். வாழ்க்கையிலோ கடன்தான் அவனை உடைமையாகக் கொண்டிருக்கிறது.

2. ஓலையும் விலையும்

'ஆட்கொள்' என்பதைப் பக்திச் சொல்லாக மட்டுமே இன்று அறிந்திருக்கிறோம். ஆனால் அது பிறந்த இடம் கோவில் அன்று. ஆவணமும் வயலுமே ஆகும். பழந்தமிழ் நாட்டில் மனிதரை மனிதர் உடைமையாகக் கொண்டிருந்தனர் என்பதற்குச் சான்றுகள் பல உள. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனிதர் விற்கப்பட்ட செய்திகளும், கோவில்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட செய்திகளும் காணப்படுகின்றன. இத்தகைய விற்பனைக்கு எழுதப்பட்ட ஆவணம் 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' எனப் பெயர் பெற்றிருந்தது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த திருப்பாம்புரத்தில், 1201ஆம் ஆண்டில் பஞ்சத்தால் வாடிய வேளாளர் ஒருவர், தம்மையும் தம் புதல்வியர் இருவரையும் 110 காசுக்குக் கோவிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டார் என்று கல்வெட்டுச் செய்தி கூறுகிறது. 'ஆள்' என்பதன் பொருளை அகராதியைக் காட்டிலும் இக்கல்வெட்டு தெளிவாக உணர்த்துகிறது.

இந்தச் சட்ட மொழி சமய இலக்கியத்துள் நுழைந்ததைச் சுந்தரர் வரலாற்றில் காண்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இப்பகுதிக்குத் 'தடுத்தாட்கொண்ட புராணம்' என்றே பெயர். திருமண நாளன்று முதிய வேதியர் வடிவில் வந்த சிவபெருமான், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி வழக்கிடுகிறார். அதற்குச் சான்றாக அவர் காட்டுவது 'ஆளோலை'. சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்ட, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு அது ஒப்புநோக்கப்படுகிறது. எழுத்து ஒத்திருக்கவே, சபையார் முதியவருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கின்றனர்.

இக்கதையில் மூல ஓலை, படி ஓலை, சாட்சி, கையெழுத்துச் சோதனை, சபைத் தீர்ப்பு ஆகிய யாவும் அக்காலத்து நீதிமுறையின் கூறுகள். தெய்வ அருளைக் கூறவந்த புலவர், மக்கள் நன்கறிந்த அடிமை வழக்கின் வடிவையே அதற்குக் கருவியாக்கினார். அடிமை முறை நடைமுறையில் இல்லாத ஒரு நாட்டில் 'தடுத்தாட்கொண்டார்' என்னும் தொடர் இத்துணை வலிமை பெற்றிராது.

3. திருப்பெருந்துறை

இனி ஆவுடையார்கோவிலுக்கு வருவோம். அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே, வெள்ளாற்றை அடுத்து அமைந்த இவ்வூர், அறந்தாங்கி வட்டாரத்தோடு தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனோடு இணைந்தது. இங்குள்ள ஆத்மநாதர் கோவில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மேற்பார்வையில் உள்ளது. அதன் கொடுங்கைகளில் காணப்படும் கற்பணி சிற்பிகளிடையே பெரும்புகழ் பெற்றது. மூலத்தானத்தில் ஆவுடையார் எனப்படும் பீடம் மட்டுமே உள்ளது. அதன்மேல் இலிங்க வடிவம் இல்லை. பிற சிவன் கோவில்களில் காணும் நந்தியும் கொடிமரமும் இங்கில்லை. உருவமற்ற இறைவனே வழிபடப்படுகிறார் என்று சைவப் பெரியோர் இதற்கு விளக்கம் தருவர்.

ஊரின் பெயரும் நம் ஆய்வுக்கு உரியது. 'ஆ' என்பதைப் பசு, அதாவது உயிர், எனக் கொண்டு, உயிர்களை உடையவர் ஆவுடையார் என விளக்குவது மரபு. ஆத்மநாதர் என்னும் வடசொல்லும் அதே கருத்தைத் தருகிறது. 'ஆளுடையார்' என்பதே ஆவுடையார் எனத் திரிந்தது என்பாரும் உளர். இடைக்காலக் கல்வெட்டுகளில் சிவபெருமான் 'உடையார்' எனவும் 'ஆளுடையார்' எனவும் குறிக்கப்படுவதால், அக்கருத்தையும் எளிதில் தள்ள இயலாது. எவ்விளக்கத்தைக் கொண்டாலும், உடைமையாகக் கொண்டவர் என்னும் எண்ணம் இவ்வூர்ப் பெயரில் நிலைத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

மாணிக்கவாசகர் வரலாறு தமிழ் மக்கள் யாவரும் அறிந்ததே. பாண்டியனுடைய அமைச்சராயிருந்த திருவாதவூரர், அரசனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பொருளோடு புறப்பட்டார். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவடிவில் வீற்றிருந்த இறைவனைக் கண்டார். அக்கணமே அவர் ஆட்கொள்ளப்பட்டார். அரசன் பொருள் கோவிற்பணிக்குச் செலவாயிற்று. அதனால் அவர் சிறையும் தண்டனையும் அடைந்தார். இக்கதையைத் திருவிளையாடற் புராணமும் திருவாதவூரர் புராணமும் விரித்துரைக்கின்றன. அவர் காலம் 9ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலருடைய கருத்து.

இந்நிகழ்ச்சியில் ஒரு சிறப்பு உண்டு. சுந்தரர் கதையில் இறைவன் ஓலை காட்டி, சபை கூட்டி, உரிமையை மெய்ப்பிக்கிறார். திருப்பெருந்துறையில் ஓலையும் இல்லை, வழக்கும் இல்லை. அமைச்சர் முன்னரே ஒருவனுடைய ஆள்; பாண்டியனுடைய பணத்தை எடுத்துக்கொண்டு பாண்டியனுடைய காரியமாகச் செல்பவர். புதிய உடையவர் அவரை ஏற்றுக்கொண்டவுடன், பழைய உடையவனுடைய உரிமை ஆட்டம் காண்கிறது. ஒரே மனிதன் மேல் அரசன் செலுத்தும் உரிமையும் இறைவன் செலுத்தும் உரிமையும் மோதும்போது என்ன நேரும் என்பதே கதையின் உள்ளீடு. இதனை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

திருவாசகத்தின் 51 பகுதிகளிலும் ஆள், ஆட்கொள் என்னும் வினைகள் பல வடிவங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றுள் உத்தரகோசமங்கையில் பாடப்பட்டதாகக் கூறும் 'நீத்தல் விண்ணப்பம்' தனியே கருதத்தக்கது. 50 பாடல்கள் கொண்ட இப்பகுதியில், ஆட்கொண்ட நீ என்னைக் கைவிட்டுவிடுவாயோ என்னும் ஏக்கமே தொடர்ந்து ஒலிக்கிறது. உலகியலில் அடிமை தன் தலைவனிடம் விடுதலை வேண்டுவான். இங்கோ அடிமை விடுதலை வேண்டாம் என்று விண்ணப்பிக்கிறான். சைவ மரபு மாணிக்கவாசகரை 'ஆளுடைய அடிகள்' என்று போற்றுகிறது. ஆளாக்கப்பட்டவரே ஆளுடையவராய் உயர்த்தப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. வைணவத்தில் 'ஆண்டாள்' என்னும் பெயரும் இவ்வகையினதே. 'ஆழ்வார்' என்பதற்கு இறையன்பில் ஆழ்ந்தவர் எனப் பொருள் கூறுவது வழக்கம். கல்வெட்டுகளில் காணப்படும் 'ஆள்வார்' என்பதே அதன் பழைய வடிவம் என இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

நம் திருச்சபையின் ஊழியராயிருந்த போப் ஐயர் 1839இல் தமிழ்நாடு வந்தவர். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணியாற்றியவர். தம் 80ஆம் வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஆட்கொள்ளுதலுக்கு நிகரான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லாமையால், தனதாக்கிக் கொள்ளுதல், ஆளுதல் எனப் பலவாறு அவர் பெயர்க்க நேர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவருக்கு அவ்விடர் இல்லை. அச்சொல் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

4. தமிழ்த் திருமறையில்

புதிய ஏற்பாட்டில் 'கூரியோஸ்' என்பது தலைவரையும், 'தூலோஸ்' என்பது அடிமையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள். இவை ஒன்றையொன்று சார்ந்த இணைச்சொற்கள். எங்கே தூலோஸ் இருக்கிறானோ அங்கே அவனை உடைய ஒரு கூரியோஸ் இருப்பான். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர், இறைவனின் திருப்பெயருக்கு ஈடாகவும் கூரியோஸ் என்பதையே வழங்கினர். ஆகவே இயேசுவைக் கூரியோஸ் என அறிக்கையிட்டபோது, தெய்வத்தன்மையும் உடைமை உரிமையும் ஒருங்கே அறிக்கையிடப்பட்டன.

பழைய தமிழ்த் திருப்புதலில் இறைவனின் திருப்பெயருக்குக் 'கர்த்தர்' என்னும் சொல் பொதுவாக இடப்பட்டது. எபிரேயத்தில் 'அதோனாய்' வரும் இடங்களில் 'ஆண்டவர்' எனப் பெயர்த்தனர். கர்த்தர் என்பது செய்பவர் என்று பொருள்படும் வடசொல். படைப்பை நினைவூட்டுவதில் அது சிறந்தது. கூரியோஸ் என்பதன் உடைமைக் கருத்தையோ 'ஆண்டவர்' என்பதே நெருங்கிக் காட்டுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், கர்த்தர் என்பதற்கு மாற்றாக 'ஆண்டவர்' என்பதையே எங்கும் கையாண்டது. மணமகனைக் குறிக்கப் பழைய திருப்புதலில் வரும் 'மணவாளன்' என்னும் இனிய சொல்லிலும் நம் வினை மறைந்திருக்கிறது.

தூலோஸ் என்பதை மொழிபெயர்த்ததில் ஒரு சிக்கல் நேர்ந்தது. ரோமர் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் தம்மைத் தூலோஸ் என்கிறார். பழைய திருப்புதல் அதை 'ஊழியக்காரன்' என்றது. அதே நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் அதை 'அடிமை' என்றது. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் 'வேலைக்காரர்' என்றது. மூன்று சொற்களுக்கும் மூலத்தில் ஒரே சொல்லே நிற்கிறது என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. எனவே அப்போஸ்தலனுடைய நிலையும், பிறருடைய வீட்டில் விலைக்கு வாங்கப்பட்டுக் கிடந்த எளியவனுடைய நிலையும் ஒரே சொல்லால் கூறப்பட்டன என்னும் வியப்பான உண்மை நம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. கொலோசெயர் 4ஆம் அதிகாரத்தின் தொடக்கம் இதற்கு நல்ல விதிவிலக்கு. அங்கே இவ்வுலகத் தலைவருக்கும் பரலோகத் தலைவருக்கும் 'எஜமான்' என்னும் ஒரே சொல் இடப்பட்டதால், மண்ணிலுள்ள உடையவனுக்கும் மேலே ஓர் உடையவர் உண்டு என்பது தெளிவாகிறது.

நீத்தல் விண்ணப்பத்துக்கு ஒப்பான ஒரு நிலையைப் பழைய ஏற்பாட்டிலும் காணலாம். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின்படி, எபிரேய அடிமை 6 வருடம் சேவித்து, 7ஆம் வருடத்தில் விலையின்றி விடுதலை பெறவேண்டும். தன் தலைவனை நேசிப்பதால் விடுதலை வேண்டாம் என்று கூறுபவன், காது குத்தப்பெற்று, என்றைக்கும் அவனுடைய ஆளாயிருப்பான். விடுதலை பெறும் உரிமை சட்டத்தில் முன்னரே எழுதப்பட்டிருந்தது என்பதை இங்கே மறத்தலாகாது. வாயில் திறந்திருக்கும்போது தங்குவதே அன்பு. வாயில் அடைக்கப்பட்டிருக்கும்போது தங்குவதை எவரும் பக்தி என்று கூறார்.

5. பண்ணையாளும் ஆண்டையும்

தமிழ்ச் சபைகளில் 'ஆண்டவர்' என்று சொல்லக் கற்றுக்கொண்டவர் யாவர்? சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1707ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஊழியத்தின் முதற்கனியாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும், அங்கிருந்த டேனியருடைய வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். பின்னர், 19ஆம் நூற்றாண்டில், தஞ்சை நாட்டிலும் பிற இடங்களிலும் கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்த எளிய மக்களுள் பலர் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களுக்கு 'ஆள்' என்பது வேதாகமச் சொல் ஆகுமுன்னரே வாழ்க்கைச் சொல்லாயிருந்தது. நிலக்கிழாரை அவர்கள் 'ஆண்டை' என்றே அழைத்தனர். காலையில் வயலில் 'ஆண்டே' என்று கைகட்டி நின்றவர், மாலையில் செபவீட்டில் 'ஆண்டவரே' என்று முழங்காற்படியிட்டார். இரண்டும் ஒரே வினையின் இரு பெயர்கள்.

இவ்விரு பெயர்களுக்கும் இடையே எழும் மோதலைத் தஞ்சை நாட்டில் ஒரு கலைஞர் கண்டுகொண்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சிதம்பரம் செல்லத் துடிக்கும் நந்தன் ஒரு வேதியருடைய பண்ணையாள். ஆண்டை விடைகொடுத்தாலன்றி அவன் ஆண்டவனைக் காணச் செல்ல முடியாது. பெரியபுராணத்தில் அவ்வாண்டை இல்லை. பாரதியாரே அப்பாத்திரத்தைப் புதிதாகப் படைத்தார். தம் காலத்துத் தஞ்சை வயல்களை அறிந்தவருக்கு, அடிமையின் பக்தியைப் பாடும்போது அவனை உடையவனைப் பாடாமல் விட இயலவில்லை போலும். பாண்டியனுக்கும் பெருந்துறை இறைவனுக்கும் இடையே அமைச்சர் நின்றதும், வேதியருக்கும் தில்லை இறைவனுக்கும் இடையே நந்தன் நின்றதும் ஒரே நெருக்கடிதான். ஆனால் அமைச்சருக்குக் குதிரையும் பொருளும் இருந்தன. நந்தனுக்கோ நாற்று நடவேண்டிய வயலே இருந்தது.

சட்டம் மெல்ல நகர்ந்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம், மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளும் உரிமையை இந்திய நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று விதித்தது. 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் அடிமை விற்பனையைக் குற்றமாக்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. திருவெண்ணெய்நல்லூரில் செல்லுபடியான ஆளோலை, 1843க்குப் பின் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. எனினும் ஓலை செல்லாது என்று தீர்ப்பானபின்னும், கடன் என்னும் வேறொரு கயிற்றால் ஆட்கள் பிணைக்கப்பட்டனர். ஆகையால்தான் 133 வருடங்களுக்குப் பின் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. கடனாளி என்னும் சொல்லின் கொடுமை இங்கே வெளிப்படுகிறது.

மொழியும் தன் பங்குக்கு ஒரு மாற்றத்தைச் செய்தது. பண்ணையாள், கூலியாள் என்பவற்றில் 'ஆள்' என்பது பெயர். அம்மனிதர் பண்ணைக்கோ கூலிக்கோ உரியவராகிறார். 'தொழிலாளி' என்னும் சொல்லிலோ வினையே நிற்கிறது. தொழிலை ஆள்பவர் அவர். முதலை ஆள்பவர் முதலாளி, தொழிலை ஆள்பவர் தொழிலாளி என இருவரும் ஒரே விகுதியைப் பெற்று நிகராக நிற்கின்றனர். ஆளாயிருந்தவர் ஆளி ஆனது தமிழ் உழைப்பாளர் வரலாற்றின் சுருக்கம் எனலாம்.

6. இச்சொல் நமக்குத் தகுமா?

இத்துணை வரலாற்றையும் கண்டபின் ஒரு வினா எழுகிறது. அடிமை முறையில் பிறந்த ஒரு சொல்லை இறைவனுக்கு வழங்குவது இன்னும் தகுமா? 1980களில் உருவெடுத்த தலித் இறையியல் இவ்வினாவை வலிமையாக எழுப்பியது. அதன் முன்னோடியாகிய அர்விந்த் நிர்மல், கடவுளை ஊழியம் செய்பவராகவே காணவேண்டும் என வற்புறுத்தினார். ஆண்டையால் அடிபட்ட முதுகை உடையவர், ஆண்டவர் என்னும் சொல்லைக் கேட்டு ஒரு கணம் தயங்கினால், அத்தயக்கத்தை அவிசுவாசம் என்று கடிந்துகொள்வது அறமாகாது.

ஆயினும் இச்சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை என்பதே நம் துணிபு. அதற்குத் திருமறையே வழிகாட்டுகிறது. பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில், எல்லா நாவும் ஆண்டவர் என அறிக்கையிடப்போகும் அவரே முன்னர் தூலோஸின் வடிவம் எடுத்தார் என்று கூறப்பட்டுள்ளது. பழைய திருப்புதல் அவ்விடத்தில் மென்மையாக்காமல் 'அடிமை' என்றே பெயர்த்தது, அது நன்று. தமிழ் வினையின் மொழியில் கூறுவதாயின், ஆண்டவர் ஆள் ஆனார். 'ஆள்' என்னும் ஒரே வேர் உடையவனையும் உடைமையையும் குறிப்பதை முதற்பகுதியில் கண்டோம். அவ்விரு பொருளும் ஒரே நபரில் மெய்யாகவே இணைந்ததைப் பவுலின் அவ்வசனங்கள் அறிவிக்கின்றன. யோவான் 15ஆம் அதிகாரத்தில் அவர் தம்முடையவர்களை இனித் தூலோஸ் என்று சொல்லாமல் நண்பர் என்று அழைக்கிறார். ஆட்கொள்ளப்பட்டோர் ஆளாகவே நிறுத்தப்படுவதில்லை.

இதனின்று சபைக்கு ஒரு கடமை பிறக்கிறது. விலைக்குக் கொள்ளப்பட்டவர்கள் மனிதருக்கு அடிமைகளாதல் கூடாது என்பது கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய அறிவுரை. ஆண்டவர் ஒருவரே என்று அறிக்கையிடும் சபை, தன் நடுவில் வேறு ஆண்டைகளை வைத்துக்கொள்ளல் ஆகாது. சாதியின் பெயராலோ பொருளின் பெயராலோ பதவியின் பெயராலோ ஒருவர் மற்றவரை ஆளாக நடத்தும்போது, அச்சபை 'ஆண்டவர்' என்னும் சொல்லின் பொருளை இழந்துவிடுகிறது. ஆயர் பதவியிலிருப்போர் இதை முதலில் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பணியாளரையும், கோவிற்பணியாளரையும், செங்கற்சூளையிலும் கல்லுடைக்கும் இடத்திலும் முன்பணத்தால் கட்டுண்டு உழைக்கும் சபையாரையும் நினையாமல் இச்சொல்லைப் பலிபீடத்தினருகே நின்று உச்சரிப்பது நமக்கு எளிதாகிவிடலாகாது.

திருப்பெருந்துறையில் அமைச்சர் ஆட்கொள்ளப்பட்டபோது முதலில் உணர்ந்தவன் பாண்டியன். தன் உரிமை குறைந்தது என்பதை அவன் உடனே அறிந்துகொண்டான். நம் மக்கள் 'ஆண்டவரே' என்று அழைக்கும்போது, அவர்களை உடைமையாக எண்ணுவோர் எவரேனும் அவ்வாறு உணர்கின்றனரா என்பதை அருளுரையாளர் ஆராய்ந்து பார்ப்பாராக.